கதவைத் திறக்கிற வேலை

அவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே என்னோடு சண்டை போட்டுவிட்டார்.

நான் அப்போது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். வருகிற மனுக்களைப் பார்த்து, சரியாக இருந்தால் மேலே அனுப்புவதும் குறையிருந்தால் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. உண்மையைச் சொன்னால் திருப்பிக் கொடுப்பதில்தான் நான் கெட்டிக்காரி. கையெழுத்தின் வால் கோட்டைத் தாண்டியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். ஒரு திங்கட்கிழமை முற்பகலில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து நின்றார். முதுகு அப்படி ஒரு நேர். நரைத்த முடியை ஒரு இழை கூடப் பிசகாமல் கொண்டை போட்டிருந்தார். அவர் நீட்டிய படிவத்தில் 'கணவர் பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. எழுதச் சொன்னேன். கல்யாணம் ஆகவில்லை என்றார். அப்படியானால் 'இல்லை' என்று எழுதுங்கள் என்றேன்.

"இல்லாததை இல்லைன்னு எழுதணும்னு எங்கங்க எழுதியிருக்கு?"

குரலை உயர்த்தவில்லை. சிரித்த முகமாகத்தான் கேட்டார். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொன்னேன். எல்லாரும் செய்வது வழக்கம், நான் கேட்பது விதி என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் அலமாரியைத் திறந்து இரண்டு சுற்றறிக்கைக் கட்டுகளைப் புரட்டினேன். இருபது வருஷமாக நான் ஊரெல்லாம் எழுத வைத்த அந்த 'இல்லை'க்கு எதிலும் ஆதாரம் இல்லை. காலிக் கட்டத்தோடேயே படிவத்தை மேலே அனுப்பினேன். யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு மாடியில் அவர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, ஆபீஸில் ஒன்றுமே நடக்காதது போல், "தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டார்.

தெருவில் அவருக்கு 'பிளேன்கார அம்மா' என்று பெயர் விழ ஒரு மாதம்கூட ஆகவில்லை. முப்பத்தேழு வருஷம் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். திருவண்ணாமலையில் பிறந்தவர்தான். அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தாராம். சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில், விடுதித் தோழி ஒருத்தி விண்ணப்பம் போட, துணைக்குப் போன இவரும் ஒன்று போட்டார். தோழிக்குக் கிடைக்கவில்லை, இவருக்குக் கிடைத்தது. பாதி உலகத்தைப் பார்த்துவிட்டு வந்தும் பேச்சு மட்டும் மாறவேயில்லை. 'ஜாஸ்தி', 'கம்மி', 'போவுது', 'வருது' என்று எங்கள் ஊர்ப் பேச்சையே பேசினார். ஆனால் பால் போடுகிற பையனிலிருந்து கைக்குழந்தை வரைக்கும் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். பேச்சில் அது மட்டும்தான் வேலை ஒட்ட வைத்த பழக்கம்.

எங்கள் தெருப் பெண்களுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. எந்தெந்த நடிகரைப் பார்த்திருக்கிறீர்கள், யாருக்கெல்லாம் காபி கொடுத்திருக்கிறீர்கள். ஒருநாள் என் வீட்டு வாசலில் நாலு பேர் இருக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. அவர், "என் வேலை காபி குடுக்கறது இல்லைங்க. கதவைத் திறக்கிற வேலை" என்றார். யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். விமானத்தில் ஏதாவது ஆகிவிட்டால் ஒன்றரை நிமிஷத்துக்குள் அத்தனை பேரையும் வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஆள். அந்த ஆள் சும்மா உட்கார்ந்து வரக் கூடாது என்பதற்காக நடுவில் காபி கொடுக்க வைத்தார்கள். ஊர் அதை மட்டும் பார்த்தது.

வண்டி தரையை விட்டு எழும்பும்போதும் இறங்கும்போதும் கண்ணை மூடாமல் மனசுக்குள் ஒரு ஒத்திகை பார்ப்பாராம். கதவு எந்தப் பக்கம், கைப்பிடி எப்படித் திரும்பும், முதலில் என்ன கத்த வேண்டும், பக்கத்தில் உதவிக்கு யார். முப்பத்தேழு வருஷம் ஒருமுறைகூட விடாமல் பார்த்த ஒத்திகை ஓய்வுபெற்ற பிறகும் நிற்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் வாசல்களைப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. முகூர்த்த நேரத்தில் பெண்ணின் மாமாவைப் பிடித்துச் சாவி வாங்கித் திறந்த பிறகுதான் அட்சதையைக் கையில் வாங்கினார். பெண் வீட்டுக்காரர்கள் அவரை அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

ஒரு பௌர்ணமி மத்தியானம் நானும் அவரும் செங்கத்திலிருந்து ஒரு தனியார் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிரிவலத்துக்குப் போகிற கூட்டம். நிற்கவே இடமில்லை. பின்பக்கம் அவசர வழியை அடைத்து யாரோ பூக்கூடைகளையும் மூட்டைகளையும் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றதும் முன்படியில் இறங்கி, ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்றுகொண்டார். மூட்டைகளை எடுத்தால்தான் ஏறுவேன் என்றார். நடத்துநர் நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு கத்தினார். உள்ளே இருந்தவர்கள், நேரமாகிறது, அந்த அம்மாவை விட்டுவிட்டு வண்டியை எடு என்றார்கள். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அவரைத் தெரியாதவள் போல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நான் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்" என்று நடத்துநரிடம் சொன்னார். "நீங்க கோவப்படுங்க, தப்பில்லை. ஆனா வண்டி இப்படியே போவாது."

பத்து நிமிஷம். கடைசியில் பூக்கூடைக்காரர்களே கூடைகளை மடிமேல் வைத்துக்கொண்டார்கள். மூட்டைகள் மேலே ஏறின. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போதாதா என்னைச் சுட.

அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்குள் முதல் தடவை போனேன். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தட்டச்சுக் கடிதம் தொங்கியது. பாராட்டுக் கடிதம் என்று நினைத்து அருகில் போனேன். எச்சரிக்கைக் கடிதம். 'ஆணை பெறாமல் தன்னிச்சையாகச் செயல்பட்டதற்காக' என்று இருந்தது. வடக்கே ஒரு ஊரில் விமானம் தரையிறங்கி நின்றதும் பின்பக்கச் சமையல் கட்டில் புகை வந்திருக்கிறது. விமானியறைக்குப் போன் அடித்தால் போன் வேலை செய்யவில்லை. உத்தரவு வருகிறவரை காத்திருக்க வேண்டும் என்றார் மூத்த அதிகாரி. புகை கறுத்துக்கொண்டு வந்தது. இவர் கைப்பிடியைத் திருப்பிச் சறுக்குமரத்தை இறக்கி, பின்பக்கத்தில் இருந்த அத்தனை பேரையும் கத்திக் கத்தி வெளியே தள்ளினார். ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. விசாரணையில் யாரைக் கேட்டுக் கதவைத் திறந்தாய் என்று கேட்டார்கள். பேச்சுத் தொடர்பு இல்லாமல் உயிருக்கு ஆபத்து கண்ணெதிரே இருந்தால் கதவில் நிற்பவரே முடிவெடுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது, இத்தனாவது பக்கம், இத்தனாவது பத்தி என்று பார்க்காமல் ஒப்பித்தார். கையேட்டைக் கொண்டுவந்து பார்த்தார்கள். இருந்தது. ஆனாலும் கொடுத்த எச்சரிக்கையைத் திரும்ப வாங்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

பதக்கம், சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். பீரோவுக்கு மேலே ஒரு பெட்டியில் இருக்கிறது என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றியும் ஒருமுறை கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் யாராவது கேட்காமல் விடுவார்களா. ஒருவர் இருந்தாராம், நல்ல மனிதர், பொறியாளர். அந்தக் காலத்தில் இவர் வேலை பார்த்த கம்பெனியில் பணிப்பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. வேலையா நானா என்று அந்த மனிதர் கேட்டாராம். "அப்படிக் கேக்கறவருக்கு எந்தப் பதில் சொன்னாலும் சரியா இருக்காதுங்க" என்றார். அவ்வளவுதான் அந்தக் கதை.

முப்பத்தைந்து வயது முடிந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டும். அதே நாளில் அதே வேலைக்குச் சேர்ந்த ஆணுக்கு ஐம்பத்தெட்டு. மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை கூடினால் பறக்க விடாமல், சம்பளமில்லாமல் தரையில் உட்கார வைப்பார்கள். இதெல்லாம் கையேட்டிலேயே இருந்தது.

"நீங்கதான் எங்க எழுதியிருக்குன்னு கேப்பீங்களே. எழுதியிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மடக்கப் பார்த்தேன்.

"எழுதியிருந்துச்சு. அதனால, எழுதினது யாருன்னு கேக்க வேண்டியதாப் போச்சு."

கேட்டது கோர்ட்டில். அவரும் இன்னும் சில பெண்களுமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வருஷக்கணக்கில் இழுத்தது. பகலில் கோர்ட், மறுநாள் விடியற்காலை விமானம். எதிர்த்தரப்பு வக்கீல், வயதான பெண்கள் பரிமாறினால் பயணிகள் விரும்ப மாட்டார்கள் என்று வாதாடினாராம். பார்வையாளர் வரிசையில் இருந்த இவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. வெளியே அனுப்பினார்கள். இவருக்கு முப்பத்தைந்து நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது தீர்ப்பு வந்து விதி மாறியது. அதற்கப்புறம் இருபத்துமூன்று வருஷம் பறந்தார், நரைத்த முடிக்குச் சாயம் பூசாமல்.

இவ்வளவு தெரிந்தும், என் மகள் விஷயத்தில் நான் அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

என் மகள் ஷாலினி பன்னிரண்டாவது முடித்ததும் விமானப் பணிப்பெண் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஊருக்குள் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு பயிற்சி நிலையம் புதிதாக வந்திருந்தது. வாசலில் அட்டையில் செய்த விமானம், சுவரெல்லாம் சிரிக்கிற பெண்களின் படம். எதிர்வீட்டிலேயே முப்பத்தேழு வருஷம் பறந்தவர் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார், இல்லையென்றால் என்னை இழுத்துக்கொண்டு போய் அங்கே சண்டை போடுவார். இரண்டுக்கும் பயந்தேன். சேர்க்கும்போது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊரார் மனுவில் கால்புள்ளி தேடுகிற நான், அவர்கள் நீட்டிய படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதத்தில் ஷாலினி கற்றுக்கொண்டது கொண்டை போடுவது, உதட்டுச் சாயம் பூசுவது, தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நடப்பது, 'குட் மார்னிங் சார்' என்று குனிவது. ஒருநாள் அவளே வந்து, அம்மா, இதில் ஒன்றுமில்லை, நான் காலேஜில் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அசல் சான்றிதழோடு வெள்ளிக்கிழமைக்குள் வரச் சொன்னார்கள். பயிற்சி நிலைய இயக்குநரிடம் போய் நின்றேன். படிப்பு முடிந்தால்தான் தருவோம், படிவத்தில் இருக்கிறது, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக் காட்டினார். என் கையெழுத்துதான். கோட்டைத் தாண்டாமல் அழகாக இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை அவர்களுடைய ஆண்டு விழா. ஊரில் இப்படி ஓர் ஓய்வுபெற்ற பணிப்பெண் இருக்கிறார் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, சிறப்பு விருந்தினராக இவரையே கூப்பிட்டுவிட்டார்கள். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அதில் வரவேற்புரை என்ற இடத்தில் ஷாலினியின் பெயர் இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். ஷாலினிதான் எல்லாவற்றையும் கொட்டினாள். முழுக்கக் கேட்டார். விழாவுக்கு வருவதாக அவர்களுக்குப் போன் செய்து சொன்னார். கிளம்பும்போது என்னிடம், புதன்கிழமைக்கு லீவு போட்டுவிடுங்கள் என்றார்.

விழா ஒரு சின்ன மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. பெண்கள் எல்லாரும் ஒரே நிறப் புடவையில் வரிசையாக நின்றார்கள். பெற்றோர்கள் பெரும்பாலும் சுற்றுப்பட்டுக் கிராமத்து விவசாயக் குடும்பங்கள். சலவைச் சட்டையில் கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குச் சால்வை போட்டார்கள். இயக்குநர் நன்றாகப் பேசுகிறவர். நம் மண்ணின் வானம்பாடி என்றெல்லாம் அவரைப் புகழ்ந்தார். இவர் மைக்குக்கு வந்து வணக்கம் சொல்லிவிட்டு, பெண்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஹால்ல மொத்தம் எத்தனை கதவு இருக்குது?"

யாருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்ததாக, விமானக் கதவின் கைப்பிடியை யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. தீயணைக்கும் உருளை? இல்லை. மூச்சு நின்றவருக்கு முதலுதவி? ஒரு பெண் மட்டும் பள்ளிக்கூடத்தில் செய்திருக்கிறேன் என்றாள். மூன்றாவதாக, தங்கள் அசல் சான்றிதழ் தங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஒரு கைகூட எழும்பவில்லை.

அவர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "அடுத்தவங்க பேப்பரை நீங்க வச்சிக்கலாம்னு எங்கங்க எழுதியிருக்கு?"

படிவத்தில் இருக்கிறது என்றார் இயக்குநர், சிரித்துக்கொண்டே.

"அது நீங்களே எழுதிக்கிட்டது. உங்களை எழுதச் சொன்னது யாரு?"

நிகழ்ச்சி முடியட்டும் மேடம், அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றார். இங்கேயே பேசலாம், சான்றிதழ் எல்லாம் வருகிறவரைக்கும் நான் இந்த நாற்காலியில்தான் இருப்பேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அது பெரிய தப்பு. புகைக்குள் அத்தனை பேரைக் கத்தி வெளியேற்றிய குரல் அது. மைக் இல்லாமல் மண்டபத்தின் கடைசி வரிசைக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது. யாரும் எழுந்து போக வேண்டாம், உங்கள் பிள்ளைகளின் படிப்பு இந்த ஊரில்தான் எங்கேயோ பூட்டிக் கிடக்கிறது என்றார்.

ஆனாலும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வம்பு எதற்கு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மேடையிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கறவங்க. சொல்லுங்க, இப்படி வாங்கி வச்சிக்கலாம்னு எங்கயாவது இருக்குதா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இயக்குநரும் பார்த்தார். உங்கள் பெண்ணின் எதிர்காலத்தையும் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அரசு வேலையில் இருக்கிறவள், பொது இடத்தில் தகராறு என்றால் என் வேலைக்கே கேடு வரும். சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள அங்கே சன்னலும் இல்லை. எழுந்து நின்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல" என்றேன். "இருபது வருஷமா நான் பேப்பர் பாக்கறேன். இல்ல."

அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார், கத்திரித் தோட்டம் வைத்திருக்கிறவர், நடந்து மேடைக்குக் கீழே போய் நின்று, என் பொண்ணு பேப்பரைக் குடுத்துடுங்க என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா போய் நின்றார். பிறகு கணவன் மனைவியாக இரண்டு பேர். வாசல்வரை போனவர்களும் திரும்பி வந்தார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. சும்மா நின்றார்கள்.

அலமாரிச் சாவி மேலாளரிடம் இருக்கிறது, அவர் வேலூர் போயிருக்கிறார் என்றார் இயக்குநர். வரட்டும், இருக்கிறோம் என்றார் இவர். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சமைத்து வைத்த சாப்பாடு பின்கட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து பரிமாறும்படி அந்தப் பெண்களையே எழுப்பினார். மேடையில் அவருக்கும் ஒரு இலை போட்டார்கள். இயக்குநருக்கும் ஒன்று போடச் சொன்னார். அந்த மனிதர் சாப்பிடவில்லை. இரண்டரை மணிக்கு, வேலூர் போயிருந்த சாவி எப்படியோ ஊருக்குள்ளேயே கிடைத்துவிட்டது. இரண்டு அட்டைப் பெட்டிகளில் சான்றிதழ்கள் வந்தன.

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உறையைப் பிரித்து, தன் பெயரும் அப்பா பெயரும் சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார். ஷாலினியின் கையெழுத்து வரிசையில் ஏழாவது. கடைசிப் பெண்ணும் அவள் பெற்றோரும் வெளியே போகிறவரை நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு வரிசை வரிசையாக நடந்து, யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கடைசியாக வெளியே வந்தார். வெயிலில் அவர் முகத்தைப் பார்த்தேன். களைப்பே இல்லை. பத்து வயசு குறைந்தவர் மாதிரி இருந்தார்.

ஷாலினி வியாழக்கிழமை கல்லூரியில் சேர்ந்தாள். ஆனால் எல்லாரும் அவரைக் கொண்டாடவில்லை. அடுத்த மாதமே அந்த நிலையம் மூடிவிட்டது. எட்டு மாதம் படித்த பெண்கள் சிலர் நடுவில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அவர் வீட்டுப் படியேறி வந்து, நீங்கள் மட்டும் ஆயுசு முழுக்கப் பறந்தீர்கள், நாங்கள் அட்டை விமானத்தையாவது பார்த்துக்கொண்டிருந்தோம், அதையும் பிடுங்கிவிட்டீர்கள் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்குத்தான் அவர் கண்ணில் ஈரம் பார்த்தேன். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவங்க கேட்டது நியாயமான கேள்வி" என்றார். "குரலும் நல்லா இருந்துச்சு. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கும்."

அந்தப் பெண் இரண்டு வருஷம் கழித்து, பெங்களூர் போய், தானாகவே முட்டி மோதி ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். இவரை வந்து பார்க்கவேயில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய கடைசி வருஷத்தில் ஒரு பத்திரிகையிலிருந்து நிருபர் ஒருவர் வந்தார். விமானப் பயணத்தின் பொற்காலம் என்று ஏதோ சிறப்பிதழ். பேச்சுத் துணைக்கு என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நிருபரும் நடிகர்களைப் பற்றித்தான் கேட்டார். இவர் ஒன்றிரண்டு சொல்லிவிட்டு, இப்போது நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சில பெயர்களைச் சொன்னார். விதி மாறுவதற்கு முன்னால் வயதுக்காகவும் கல்யாணத்துக்காகவும் எடைக்காகவும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். வழக்கில் இவரோடு கையெழுத்துப் போட்டவர்கள், தீர்ப்பு வருவதற்குள் வயது தாண்டிவிட்டவர்கள். நான் கடைசிவரை பறந்ததற்கு அவர்கள்தான் காரணம், எனக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றார். நிருபர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இதழ் வந்தது. முழுப் பக்கத்துக்கு இவருடைய இருபத்திரண்டு வயசுப் படம். 'வானத்துத் தேவதை' என்று தலைப்பு. இரண்டு நடிகர்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

அவர் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி, இவை விடுபட்டுவிட்டன, அடுத்த இதழில் வெளியிடவும் என்று ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை. அடுத்த மாதம் மறுபடி அனுப்பினார். அதற்கடுத்த மாதமும். மூச்சுத் திணறல் வந்து படியிறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, உறையில் விலாசம் எழுதி மாடியிலிருந்து என்னைக் கூப்பிடுவார். அப்படி ஆறு மாதம் நான் தபாலாபீசுக்குப் போனேன். யாரும் போடப் போவதில்லை, எதற்கு இந்தச் சிரமம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவங்க போடாம இருக்கறது அவங்க வேலை, அனுப்பறது என் வேலை என்றார்.

ஒன்பதாவது கடிதத்துக்கான ரசீதை நான் கொண்டுவந்து கொடுத்த நாலாம் நாள் போய்விட்டார். மூன்று வருஷம் ஆகிறது.

அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். அதில் அவர் தன் பெயரைச் சேர்த்திருக்கவில்லை. அதனால் நானும் இதில் எங்கேயும் எழுதவில்லை. மற்றவர்கள் இவர்கள்.

பெரின், முப்பத்தைந்து வயது முடிந்த நாளன்று, வந்திறங்கிய விமானத்தின் வாசலிலேயே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனவர். சரோஜா, கல்யாணப் பத்திரிகையை மேலதிகாரியிடம் கொடுத்ததற்கு வேலை போனவர். குல்ஷன், இரண்டு கிலோ கூடியதற்கு. தெரசா, தீர்ப்பு வர பதினொரு நாள் இருக்கும்போது வயது தாண்டியவர். மாலதி, கல்யாணத்தை நாலு வருஷம் மறைத்து வைத்திருந்து கடைசியில் யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தால். ஹர்ப்ரீத், வழக்கில் முதல் கையெழுத்துப் போட்டவர்.